முதல் லென்ஸ் எது?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி ஒருத்தியின் கருத்து)

கட்டுரை என்றால் குறளில் தொடங்க வேண்டும் என்பது நம் ஆண்டு மலரின் எழுதப்படாத விதி. நூலகத்தில் பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். பத்துக்கு எட்டுக் கட்டுரைகள் அப்படித்தான் தொடங்குகின்றன. என் பொருளுக்கேற்ற குறள் எனக்கு அகப்படவில்லை. ஆகவே விலைப்பட்டியலில் தொடங்குகிறேன். மலர்க்குழுவினர் பொறுத்தருள்க.

நம் கல்லூரியில் இன்று மிரர்லெஸ் காமிரா வைத்திருக்கும் மாணவ மாணவியர் பன்னிரண்டு பேராவது இருப்பர். பெரும்பாலானவை இரண்டாம் கையாக வாங்கியவை. சிலர் கல்யாணப் படம் எடுக்கும் அண்ணன்மார்களுக்கு உதவியாளாகப் போய்ச் சம்பாதித்து வாங்கியது. சிலருக்கு வீட்டில் கொடுத்தது. காமிரா கைக்கு வந்த அன்றே அனைவரும் கேட்கும் அடுத்த கேள்வி ஒன்றே: "கூட வந்த லென்ஸ் சரியில்லை, அடுத்து எதை வாங்கலாம்?" இதற்குக் கல்லூரியில் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: "நீளமான சூம் வாங்கு. தூரத்தில் இருப்பதையெல்லாம் பிடிக்கலாம்." வணிகவியல் மாணவர் ஒருவர் அதைத் தவணையில் வாங்கிவிட்டு, ஆறு மாதமாகத் தேநீர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறார்.

இந்த விடை தவறு என்பது என் துணிபு. நம் ஊர்ப்பக்கத்தில் படம் எடுக்கப் புறப்படும் ஒருவருக்கு முதல் லென்ஸ் 35 மி.மீ. அளவில், எஃப் 1.8 அல்லது அதற்கும் கீழே திறக்கக்கூடிய, சூம் இல்லாத, சின்ன லென்ஸாக இருக்க வேண்டும் என்கிறேன். ஏன் என்பதைச் சொல்வதற்குமுன் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுவது நேர்மை.

என் வீடு ஆம்பூரில். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். தாய்மாமன் பேரணாம்பட்டில் ஒரு சிறிய டேனரியில் இருபது ஆண்டுகளாக டிரம் ஓட்டுகிறார். (2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. மாமாவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மாவட்ட எல்லை விழுந்ததில் அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.) சென்ற ஆண்டு கல்லூரி நாள் கண்காட்சிக்காக ஒரு தோழரிடம் 55-210 சூம் லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு பேரணாம்பட்டுக்குப் போனேன். மாமாவிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஏறி, டேனரியின் பின்புறத்தில் தோல் காயவைக்கும் முற்றத்தை 210இல் இழுத்துப் பிடித்தேன். வெயிலில் வரிசையாகக் கம்பிகளில் தொங்கும் தோல்கள். இடையிடையே குனிந்த மனிதர்கள். படம் நன்றாகத்தான் வந்தது. "உழைப்பின் வியர்வை" என்று தலைப்பிட்டேன். அந்தத் தலைப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது. அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

கல்லூரி நாளன்று அம்மாவோடு மாமாவும் வந்திருந்தார். படத்தின் முன் நெடுநேரம் நின்றார். "இதுல நான் எங்க கீறேன்?" என்று கேட்டார். இடமிருந்து நான்காவது ஆளைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "இன்னா கண்ணு, ஏரியில கொக்கு புடிக்கற மாதிரி புடிச்சிகீறே?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். சிரித்ததால் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

இனி இயற்பியலுக்கு வருவோம். நமது மாணவர்கள் வைத்திருக்கும் காமிராக்களில் உள்ள உணரி பெரும்பாலும் ஏ.பி.எஸ்-சி என்ற அளவு; 23.5 மி.மீ. நீளம், 15.6 மி.மீ. அகலம். பழைய பிலிம் சட்டம் 36க்கு 24 மி.மீ. ஆகவே நம் காமிராவில் 35 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணம், அந்நாளைய பிலிம் காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் தந்ததற்கு ஏறக்குறைய சமம். நின்றிருக்கும் ஒரு மனிதரைத் தலைமுதல் கால்வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, அதாவது இரண்டு மீட்டர் உயரத்தை, காமிராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்க வேண்டுமானால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? முதலாண்டில் படித்த ஒத்த முக்கோணக் கணக்குதான். 35 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் மூன்று மீட்டர். 210 மி.மீ. லென்ஸுக்குப் பதினெட்டு மீட்டர்.

மூன்று மீட்டரில் நின்றால் அந்த மனிதர் நம்மைப் பார்க்கிறார். "யாரம்மா நீ, எதுக்கு?" என்று கேட்கிறார். நாம் விடை சொல்லியாக வேண்டும். பதினெட்டு மீட்டரில் விடை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நீள லென்ஸ்தான் பின்னணியை நெருக்கிக் காட்டுகிறது, முகத்தைத் தட்டையாக்குகிறது என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அது லென்ஸின் குணமே அன்று, தூரத்தின் குணம். பதினெட்டு மீட்டரில் நின்றுகொண்டு 35 மி.மீ. லென்ஸில் எடுத்து, நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினாலும் அதே தட்டைதான் கிடைக்கும். நுணுக்கம் மட்டும் குறையும். ஐயமிருப்பவர்கள் நமது கல்லூரித் தாழ்வாரத்துத் தூண்களை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். லென்ஸ் வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மையில் நாம் நிற்கப்போகும் இடத்தை விலைக்கு வாங்குகிறோம். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. அவர் சொல்ல வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

நம் பகுதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று சொன்னாலே வெளியூரார் கண்முன் வருவது பாலாற்றில் நுரையும் தோல் கழிவும்தான். அது பொய்யில்லை. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் தந்த தீர்ப்பை நமது அரசியல் அறிவியல் துறையில் இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நடுவில், 2015 ஜனவரி 31 விடியற்காலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர் இறந்தனர். ஒவ்வொரு முறையும் காமிராக்கள் வந்தன. பாலத்தின் மேலிருந்து எடுத்தன, சாலையிலிருந்து எடுத்தன, போயின. ஆறு எப்படி இருக்கிறது என்பது அப்படங்களில் தெரிகிறது. சுண்ணாம்புத் தொட்டியில் நாளெல்லாம் கைவைத்து நிற்பவரின் விரல் நகம் எப்படி இருக்கும் என்பது தெரிவதில்லை. வெளியூரார் அப்படி எடுத்தால் போகட்டும்; அவருக்கு வண்டியைப் பிடிக்க வேண்டும். அவரைப் போலவே நானும் மாடியில் ஏறியதுதான் எனக்கு உறுத்துகிறது. உள்ளே என் மாமா இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

இங்கே நம் பேராசிரியப் பெருமக்கள் சிலரோடும் நான் மாறுபட வேண்டியிருக்கிறது. லென்ஸ் பற்றிப் பேச்செடுத்தாலே, "கண்ணும் மனமும் இருந்தால் போதும், கருவியில் என்ன இருக்கிறது?" என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கண்ணும் மனமும் ஒளியைச் சேகரித்துத் தருவதில்லை. டேனரிக்குள் போய்ப் பாருங்கள். கூரையில் நாலைந்து கண்ணாடி ஓடு, இரண்டு குழல்விளக்கு, அவ்வளவே. காமிராவோடு வந்த 16-50 சூம் லென்ஸை 50 பக்கம் இழுத்தால் எஃப் 5.6க்கு மேல் திறவாது. எஃப் 1.8 அதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும் (5.6ஐ 1.8ஆல் வகுத்து இருமடி காண்க). அதாவது சூமில் பத்தில் ஒரு நொடி வேண்டியிருக்கும் இடத்தில், இதில் நூறில் ஒரு நொடி போதும். பத்தில் ஒரு நொடியில் மாமாவின் கை புகையாகிவிடுகிறது. நூறில் ஒரு நொடியில் கை கையாக இருக்கிறது.

அந்த நூறுக்கும் ஒரு காரணம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்குகின்றன. ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்தால் படத்தில் வரிவரியாக இருட்டுப் பட்டை விழாது. இருநூறு, ஐந்நூறு என்று போனால் விழக்கூடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது படங்கள் பாழாயின.

சூம் லென்ஸை நான் பழிக்கவில்லை. கூட வந்த அந்த 16-50 பகல் வெளிச்சத்தில் குறைவற வேலை செய்கிறது. வேலூர்க் கோட்டையில் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்களை முழுதாகப் பிடிக்க 16தான் வேண்டும். 35ஐ வைத்துக்கொண்டு பின்னால் போனால் முதுகு அடுத்த தூணில் இடிக்கும். ஆகவே அதை விற்றுவிடாதீர்கள். விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நீள சூமுக்கும் இடம் உண்டு. விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவுக் கோட்டை அதில்லாமல் எடுக்க முடியாது. மேடை நாடகத்துக்கு வேண்டும். கொக்குக்கும் வேண்டும், மாமா சொன்ன அதே ஏரிக் கொக்குக்கு. என் வாதம் முதல் லென்ஸைப் பற்றியது. இரவல் கிடைக்கும் பொருளை விலைகொடுத்து வாங்குவானேன்? விளையாட்டு விழா ஆண்டுக்கு ஒரு நாள்.

இன்னொரு காரணம் மிரர்லெஸ் காமிராவுக்கே உரியது. பழைய எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸைக் கழற்றினால் முன்னே ஒரு கண்ணாடி இருக்கும். உணரி அதன் பின்னே, மூடிய ஷட்டருக்கும் பின்னே, பத்திரமாக இருக்கும். நமது காமிராக்களில் பெரும்பாலானவற்றில் லென்ஸைக் கழற்றியதும் உணரி நேராகக் காற்றுக்குத் தெரியும். டேனரிக் காற்றில் என்ன இருக்கிறது? பச்சைத் தோலில் தடவிய உப்பு, சுண்ணாம்புத் தூள், பஃபிங் யந்திரத்திலிருந்து பறக்கும் தோல்மாவு. அங்கே நின்று லென்ஸ் மாற்றுவது திறந்த சட்டியில் மண்ணை வாரிப் போடுவதற்கு ஒப்பாகும். ஒரே லென்ஸோடு உள்ளே போய் ஒரே லென்ஸோடு வெளியே வர வேண்டும். முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடி வடிகட்டியை முடுக்கிக்கொள்ளுங்கள். அதைத் துணியால் துடைக்காமல் முதலில் ஊதுங்கள். உப்புத் துகளைத் துடைத்தால் அது கீறும்.

பணமில்லாதவர் என்ன செய்வது? இதற்கு ஒரு விடை என் அனுபவத்தில் உண்டு. அப்பாவின் நண்பர் ஒருவர் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்தார். உதகையில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் "இந்து" காகிதத்தில் கருப்பு வெள்ளைப் படம் கழுவிக் காயவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவருடைய பழைய ஜெனித் காமிராவில் இருந்த ஹீலியோஸ் 58 மி.மீ. எஃப் 2 என்ற ருஷ்ய லென்ஸை, "எடுத்துக்கோம்மா, எனக்கு எதுக்கு?" என்று கொடுத்துவிட்டார். அது என் சோனி காமிராவில் எப்படிப் பொருந்தும்? இங்கேதான் மிரர்லெஸ்ஸின் பெருமை. பழைய காமிராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும். ஆகவே லென்ஸின் அடிப்பகுதி பிலிமிலிருந்து ஏறக்குறைய 45 மி.மீ. தள்ளி நிற்கும். என் காமிராவில் கண்ணாடி கிடையாது. அந்த இடைவெளி 18 மி.மீ. மட்டுமே. மீதி 27 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெற்றுக் குழாயை நடுவில் வைத்துவிட்டால் லென்ஸ் தன் பழைய இடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொள்ளும். அந்தக் குழாய்க்குப் பெயர் அடாப்டர். உள்ளே கண்ணாடி ஒன்றும் இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தானாகக் குவியாது, கையால்தான் திருக வேண்டும். ஆனால் திரையில் பெரிதாக்கிக் காட்டும் வசதியும், குவிந்த விளிம்புகளுக்கு வண்ணம் பூசிக்காட்டும் வசதியும் இருப்பதால் பழகிவிடுகிறது. கையால் குவிக்கச் சம்மதமிருந்தால் சீனத்துச் செவன்ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் போன்றவர்களின் புது லென்ஸ்களும் குறைந்த விலையில் இருக்கின்றன.

அந்த ஹீலியோஸில் பூஞ்சை பிடித்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலைபோல் வெள்ளை நூல்கள். பழைய லென்ஸ் வாங்குவோர் அனைவரும் இந்த டார்ச் சோதனையைச் செய்தே தீர வேண்டும். பூஞ்சை முற்றினால் கண்ணாடி மேல் பூசிய படலத்தையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. என்னுடையது ஓரத்தில் மட்டும் இருந்ததால் தப்பித்தது. ஈரம் அறுபது விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சை வளரும். நமது ஐப்பசி கார்த்திகைக்கு அது எளிது.

இதற்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? ஷூ பெட்டிக்குள் போடும் சிலிகா ஜெல் பொட்டலம்! கப்பலில் வாரக்கணக்கில் போகும் ஷூவில் பூஞ்சை பிடிக்கக்கூடாது என்றுதான் அதைப் போடுகிறார்கள். ஷூவைக் காக்கும் பொட்டலம் லென்ஸைக் காக்காதா? மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் லென்ஸையும் நாலைந்து பொட்டலங்களையும் போட்டு வையுங்கள், வேலை முடிந்தது. ஒரே எச்சரிக்கை: பொட்டலத்தின் மேல் சிலிகா ஜெல் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு டைமெத்தில் ஃபூமரேட் என்ற பூஞ்சைக்கொல்லியை வைத்த பொட்டலங்களும் தோல் பொருள்களோடு வந்து, ஐரோப்பாவில் பலருக்குத் தோலில் புண்ணை உண்டாக்க, 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. பெயர் தெரியாத பொட்டலத்தைத் தொட வேண்டாம். அம்மா இதை எனக்குமுன்பே அறிந்திருந்தார். அவர்கள் கம்பெனியில் அது பழைய செய்தி.

பெரியவர்கள் எதை வைத்துப் படம் எடுத்தார்கள் என்று பார்ப்பது தவறாகாது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் நம் பக்கத்து ஊரான திருவண்ணாமலைக்கு வந்தவர். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது அவர் அங்கே இருந்தார். அவர் கையில் இருந்தது லைக்கா. வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தியவர். நான் மேலே சொன்ன கணக்குப்படி நம் காமிராவில் 35. அந்த லைக்காவிலும் எஸ்.எல்.ஆர். போன்ற எழுந்து விழும் கண்ணாடி கிடையாது என்பதையும் கவனிக்க. 2008இல் பானாசோனிக் ஜி1 வந்தபோது புதுமை என்றார்கள். லைக்கா 1925 முதலே அப்படித்தான் விற்றது.

மற்றொருவர் யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கர். ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊரில் ஆலைக் கழிவின் பாதரசம் கடலில் கலந்து, மீன் வழியாக மனிதரைப் பாதித்தது. அந்நோய் 1956இல் முறையாக அறியப்பட்டது. ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971இல் அங்கே போய் மூன்று ஆண்டுகள் வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். ஒரு தாய் தன் நோயுற்ற மகளைக் குளிப்பாட்டும் படம் உலகெங்கும் அறியப்பட்டது. மூன்று ஆண்டு குடியிருந்ததால் கிடைத்த படம் அது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1990களின் இறுதியில், இறந்துபோன மகளை ஓய்வெடுக்க விட வேண்டும் என்ற பெற்றோரின் விருப்பத்தை மதித்து, ஐலீன் அப்படத்தை வெளியிடுவதை நிறுத்தி வைத்தார். அருகில் நின்று எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அருகில் நிற்பவருக்குக் கடன் கூடுகிறது. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அது நம் காதில் விழும் தூரத்தில் இருக்கிறோம், அவ்வளவே.

இந்த ஆண்டு தை மாதம் அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. அதில் 16,000 ரூபாயை எனக்கென்று ஒதுக்கினார். ஹீலியோஸ் நல்ல லென்ஸ்தான். ஆனால் 58 மி.மீ. ஏ.பி.எஸ்-சி உணரியில் 87க்குச் சமம், முகத்துக்குப் பொருத்தம், டேனரியின் ஒடுக்கத்துக்கு நீளம் அதிகம். இரண்டு நாள் தூக்கமில்லை. 55-210 அந்த விலைக்கு இரண்டாம் கையாகக் கிடைக்கிறது. மீதிப் பணமும் தேறும். சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 என்பது 2016இல் வந்தது, ஒளி இன்னும் அதிகம், ஆனால் கை நடுக்கத்தைத் திருத்தும் வசதி இல்லை. என் காமிரா உடலிலும் இல்லை. கடைசியில் சோனி 35 எஃப் 1.8ஐ வாங்கினேன். அதில் அவ்வசதி லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எடை ஏறக்குறைய 150 கிராம். அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இத்தினியூண்டு கீது, இதுக்கா பதினாறாயிரம்?" என்றார். அவர் கைக்கு ஒரு நாளில் எத்தனை ஜோடி அப்பர் வருகிறது, அதற்கு என்ன கூலி என்று எனக்குத் தெரியும். பதில் சொல்ல முடியவில்லை. பெரிய லென்ஸாக வாங்கியிருந்தால் அவருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் காட்டிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

அந்த லென்ஸோடு மார்ச் மாதம் பேரணாம்பட்டு போனேன். இம்முறை மாமாவிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் முதலாளி பாயிடம் கேட்டு, அவரும் சம்மதித்தார். கழிவுநீர்ப் பக்கம் எடுக்காதே என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டேன். அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குள் வழக்கு நடக்கிறது. முதல் ஒருமணி நேரம் எடுத்த படங்கள் ஒன்றும் தேறவில்லை. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். மாடியிலிருந்து எடுத்தபோது இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோல் சதை நீக்கும் யந்திரத்தில் நின்ற ஒருவர், "என்னை எடுக்காதம்மா, பொண்ணு வீட்ல பாத்துட்டா மகனுக்குச் சம்பந்தம் வராது" என்றார். எடுக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறானாம்.

மதியத்துக்குமேல் என்னை மறந்துவிட்டார்கள். டிரம்மின் கதவைத் திறந்து, குரோமில் ஊறிய தோல்கள் வெளிறிய நீலமாய்ச் சரிந்து விழும்போது, மாமா ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி விரித்துப் பார்த்தார். ஓட்டை இருக்கிறதா, மடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை. எஃப் 1.8, நூறில் ஒரு நொடி, ஐ.எஸ்.ஓ. 1600. மூன்று மீட்டர். அந்தத் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் அரை மீட்டர்தான். முகமும் தோலும் அதற்குள் அடங்கின, பின்னால் டிரம் மங்கிவிட்டது. கட்டமைப்பில் பிழை இருக்கிறது. டிரம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு நீல வாளி தேவையில்லாமல் மூலையில் நிற்கிறது. இந்த ஆண்டுக் கண்காட்சியில் அதற்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. மாமா பிரதி ஒன்று கேட்டார். மாமி அதை அலமாரிக் கண்ணாடியில், வாக்காளர் அட்டைக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.

அம்மாவின் கம்பெனிக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. விடியலில் கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மணி வெளிச்சத்தில் அங்கும் எஃப் 1.8 வேண்டியிருக்கிறது.

அடுத்த லென்ஸ் வாங்க எண்ணியிருப்போர் வாங்கும்முன் என்னுடையதை ஒரு நாள் மாட்டிப் பார்க்கலாம். சோனி காமிராவாக இருந்தால் நேராகப் பொருந்தும். மற்றவர்கள் என் காமிராவோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் மாலை நான்கு மணிக்குமேல் இயற்பியல் ஆய்வுக்கூடத்து வாசலில் இருப்பேன். ஆம்பூர் வண்டிக்கு ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும்.